வியன்னா என்பதா, வீன் என்பதா?

கேள்வி: ஐரோப்பிய வரலாறு பற்றிய ஓர் ஆங்கில நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பர், "ஃப்ளோரன்ஸ், வியன்னா எல்லாம் ஆங்கிலேயர் வைத்த பெயர்கள். ஊர்க்காரர்கள் சொல்கிறபடி ஃபிரென்ஸே, வீன் என்று எழுதுங்கள்" என்கிறார். அப்படியானால் ஜெர்மனியை என்ன செய்வது? ஒரே ஊர் நூலில் மூன்று பெயர்களில் வருகிறது. அரசர்களின் பெயர்களும் அப்படித்தான். இதற்கு ஏதேனும் விதி உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் வியன்னா, ஃப்ளோரன்ஸ், ஜெர்மனி மூன்றையும் இருக்கிறபடியே விட்டுவிடுங்கள். ஊரார் தம் ஊரை எப்படி அழைக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த ஊருக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இருக்கிறது என்றால் முதல் கேள்விக்கே போக வேண்டாம். விதி என்று கேட்டால் இவ்வளவுதான்: தமிழில் வேரூன்றிய பெயரைத் தொடாதீர்கள், வேரூன்றாத பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டிலிருந்து எடுக்காமல் அதன் சொந்த மொழியிலிருந்து எடுங்கள், இரண்டிலும் எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று பாருங்கள்.

வெளியார் சொல்லும் பெயர் என்றாலே சிதைந்த பெயர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பல சமயம் நிலைமை நேர்மாறானது. ஃப்ளோரன்ஸின் லத்தீன் பெயர் ஃப்ளோரென்தியா. இத்தாலியர் நாவில் அது ஃபியோரென்சா ஆகி, பிறகு ஃபிரென்ஸே ஆயிற்று. பழைய தொடக்கத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது பிரெஞ்சும் ஆங்கிலமும்தான். செக் மொழியில் இடைக்காலத்தில் 'க' ஒலி 'ஹ' ஆக மாறியபோது ப்ராகா என்ற ஊர் ப்ராஹா ஆனது. மாற்றத்துக்கு முந்தைய வடிவத்தை வாங்கிக்கொண்ட மொழிகள் இன்னும் பிராக் என்றே சொல்கின்றன. பாரிஸின் கடைசி 'ஸ்' பிரெஞ்சுப் பேச்சில் உதிர்ந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. நாம் அதைக் கைவிடவில்லை. பெய்ஜிங்கைக் குறித்த பீக்கிங் என்ற பழைய பெயரும் வெறும் உளறல் அன்று. வடசீனப் பேச்சில் 'கி' என்பது 'ஜி' ஆவதற்கு முந்தைய ஒலிப்பு அதில் தங்கியிருக்கிறது.

சில பெயர்களில் ஒலி மாற்றமே கிடையாது, வேரே வேறு. ஜெர்மானியர் தம் நாட்டை டாய்ச்லாந்து என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது அலமாஞ். அலமன்னி என்ற ஒரு குழுவின் பெயரால் வந்தது. பின்லாந்துக்காரர்களுக்கு சாக்ஸா, சாக்சன் மக்களால் வந்தது. போலந்தில் நியெம்த்ஸி; பேச்சற்றவர், நமக்குப் புரியும்படி பேசாதவர் என்ற பொருளுடைய ஸ்லாவ் வேரிலிருந்து வந்தது. எந்த அண்டை வீட்டாருக்கு அவர்களில் யார் முதலில் பழக்கமானார்களோ, அந்தப் பெயர் முழு நாட்டுக்கும் ஏறிவிட்டது. நம்மிடமும் இதே வழியில் வந்த ஒரு சொல் உண்டு: யவனர். ஆசியா மைனரின் கரையிலிருந்த அயோனியா என்ற ஒரு பகுதியின் பெயரைப் பாரசீகர் யவுனா என்றனர். வடமொழியில் யவன ஆகி, சங்கப் பாடல்களில் யவனர் என்று வந்து நின்றது. அரபியும் துருக்கியும் இன்றும் கிரேக்கத்தை யூனான் என்ற அதே வேரால்தான் குறிக்கின்றன. கிரேக்கர்களோ தங்களை ஹெல்லாஸ் நாட்டார் என்றார்கள். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

ஐக்கிய நாடுகள் அவை 1967இல் ஜெனீவாவில் புவியியல் பெயர்களுக்கான முதல் மாநாட்டைக் கூட்டியது. பிறகு வெளிப்பெயர்களைக் குறைத்துக்கொள்ளும்படி பரிந்துரைகளும் வந்தன. உங்கள் நண்பர் அதைச் சுட்டலாம். அவை நாடுகளுக்கிடையே செல்லும் வரைபடங்கள், ஆவணங்கள் ஆகியவற்றுக்காக எழுந்தவை. வரலாற்று நூலின் உரைநடையை அவை கட்டுப்படுத்தா.

வேரூன்றியதா இல்லையா என்று எப்படி அறிவது? பள்ளிப் பாடநூல், நாளிதழ், கலைக்களஞ்சியம் மூன்றையும் பாருங்கள். இரண்டிலாவது ஒரே வடிவம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: தமிழுக்குள்ளேயே இரண்டு மரபுகள் உள்ளன. தமிழ்நாட்டில் ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா, நார்வே, டொராண்டோ. இலங்கையிலும் அங்கிருந்து புலம்பெயர்ந்தோர் இதழ்களிலும் ஜேர்மனி, யப்பான், அவுஸ்திரேலியா, நோர்வே, ரொறன்ரோ. பின்னதைப் பிழை என்று திருத்துகிறவர்கள் உண்டு. அது பிழை அன்று. இரட்டை றகரத்துக்கு நாவின் நுனி பல்லின் மேலடியைத் தொடும். ஆங்கிலத்தின் 'ட்' ஒலியும் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே றகரத்தால் எழுதுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. எந்த வாசகருக்காக நூல் வருகிறதோ அந்த மரபைத் தேர்ந்து கடைசிவரை நில்லுங்கள். முதல் இயலில் நார்வேயும் ஏழாம் இயலில் நோர்வேயும் வருவதுதான் குற்றம்.

மொழிபெயர்க்கப்பட்ட பெயர்களில் புதிதாக எதையும் ஆக்காதீர்கள். கருங்கடல், செங்கடல், நன்னம்பிக்கை முனை, வெள்ளை மாளிகை எல்லாம் நிலைத்துவிட்டன. மொண்டெனேகுரோவுக்கு அந்நாட்டார் சொல்லும் பெயர், துருக்கியர் சொல்லும் பெயர், அல்பேனியர் சொல்லும் பெயர் மூன்றுமே 'கருப்பு மலை' என்றுதான் பொருள்படும். அதற்காக நீங்கள் கருமலை நாடு என்று எழுதினால் வாசகருக்கு எந்த வரைபடத்திலும் அது அகப்படாது.

ஒரே ஊர் மூன்று பெயரில் வருவது, நீங்கள் சொன்னபடி, ஐரோப்பிய வரலாற்றில் தவிர்க்க முடியாதது. பெல்ஜியத்தின் லியேஜ் டச்சு மொழியில் லாயிக், ஜெர்மனில் லூட்டிக். பிரெஞ்சில் மோன்ஸ் என்பதே டச்சில் பெர்கன். இரண்டுக்கும் பொருள் மலை. வியன்னாவை ஹங்கேரியர் பேச் என்பார்கள், ஸ்லோவேனியர் டூனாய் என்பார்கள். இத்தாலிய ஆவணத்தில் மோனகோ என்று வந்தால் அது கடற்கரைச் சிற்றரசுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இத்தாலியில் ம்யூனிக்குக்கும் அதே பெயர்தான். 'பவேரியாவின் மோனகோ' என்று முழுமையாகச் சொல்லாதபோது மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழும் இடம் இது. இன்னொரு குழி, நம் ஊர்ப்பெயரே ஆங்கிலம் வழியாகத் திரும்பி வருவது. டேனியர் வணிகம் பற்றிய பகுதியில் 'டிரங்குபார்' என்று கண்டால் அது தரங்கம்பாடி. 'நெகபட்டம்' என்பது நாகப்பட்டினம். அறிமுகமில்லாத வடிவம் வரும்போதெல்லாம், இது தமிழிலிருந்தே போனதாக இருக்குமோ என்று ஒரு நொடி யோசிப்பது நல்லது.

இனி ஆண்டு. இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே பிழைத்தால் அது எழுத்துப் பிழையாக நிற்காது, வரலாற்றுப் பிழையாகிவிடும். தத்துவவாதி கான்ட் 1724இல் பிறந்த ஊர் கோனிக்ஸ்பெர்க். கலினின்கிராட் என்ற பெயர் 1946இல் வந்தது. 'கான்ட் கலினின்கிராடில் பிறந்தார்' என்று எழுதினால் ஒரு போரையும் ஓர் இடப்பெயர்வையும் அழித்துவிடுகிறீர்கள். நேவா ஆற்றங்கரை நகரம் 1914 வரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1924 வரை பெத்ரோகிராட், 1991 வரை லெனின்கிராட், அதன் பிறகு மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1917 புரட்சி நடந்தது பெத்ரோகிராடில். இரண்டாம் உலகப் போரின் முற்றுகை லெனின்கிராடில். ஆஸ்லோ 1624 முதல் 1924 முடிய கிறிஸ்டியானியா. இன்று உக்ரைனில் உள்ள லிவீவ், ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில் லெம்பெர்க், இரு போர்களுக்கிடையே போலந்தின் ல்வூஃப், சோவியத் ஆட்சியில் ரஷ்ய வடிவில் ல்வோவ்.

இஸ்தான்புல்லைப் பற்றி ஒரு பொய்யான எளிமை உலவுகிறது: 1453இல் பெயர் மாறியது என்று. அந்த ஆண்டில் நகரம் பைசாந்தியப் பேரரசிடமிருந்து உதுமானியருக்குக் கைமாறியது. பெயர் ஒரே நாளில் மாறவில்லை. உதுமானிய அரசு நாணயங்களிலும் ஆவணங்களிலும் கொன்ஸ்தந்தினிய்யே என்ற வடிவத்தை நெடுங்காலம் வைத்திருந்தது. மக்கள் பேச்சில் இஸ்தான்புல் வழங்கியது. வெளிநாட்டாரும் அதையே எழுத வேண்டும் என்று துருக்கிக் குடியரசு வலியுறுத்தியது 1930இல். ஆகவே பைசாந்தியப் பகுதியில் கான்ஸ்டான்டிநோபிள் என்று எழுதுங்கள், குடியரசுப் பகுதியில் இஸ்தான்புல் என்று எழுதுங்கள். இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, முதல் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு போடுங்கள்.

நடைமுறை இதுதான்: நிகழ்ச்சியின் காலத்தில், அந்த இடத்தை ஆண்டவர் வழங்கிய பெயரை உரையில் வையுங்கள். ஓர் இயலில் அந்தப் பெயர் முதன்முதலில் வரும்போது மட்டும் 'இன்றைய கலினின்கிராட்' என்பதுபோல் ஒரு சிறு சேர்க்கை போதும். நிறுவனங்களின் பெயரோடு ஒட்டிய ஊர்ப்பெயரை மட்டும் மாற்றாதீர்கள். பெய்ஜிங் நகரில் இருந்தாலும் பீக்கிங் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பெயரில் பீக்கிங்கை விடவில்லை.

அண்மைக்கால மாற்றங்களை ஏற்பதா என்றும் கேள்வி எழும். நாடு தானாகக் கேட்ட மாற்றம் என்றால் ஏற்பது மரியாதை. 2018இல் சுவாசிலாந்து எஸ்வாத்தினி ஆனது, எழுதுங்கள். ஆனால் அந்தக் கோரிக்கை தமிழைத் தொடுகிறதா என்று பாருங்கள். 2022இல் துருக்கி அரசு ஐ.நா.வில் தன் பெயரைத் துர்க்கியே என்று பதிவுசெய்துகொண்டது. ஆங்கிலத்தில் அந்நாட்டின் பெயரும் ஒரு பறவையின் பெயரும் ஒன்றாக இருந்தது அவர்களுக்கு உறுத்தலாக இருந்தது. தமிழின் துருக்கியில் எந்தப் பறவையும் இல்லை. அதை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. 1972இல் ஆங்கிலத்தில் சிலோன் ஸ்ரீலங்கா ஆனபோது தமிழின் இலங்கை அசையாமல் இருந்ததையும் எண்ணிப் பாருங்கள்.

வேரூன்றாத பெயர்களுக்கு வருவோம். உங்கள் நூலில் பெரும்பகுதி இவைதான்: சிற்றூர்கள், படைத்தலைவர்கள், அமைச்சர்கள். மிகுதியாகப் பிழை வருவது ரோமன் எழுத்தை ஆங்கில எழுத்தாக எண்ணி வாசிப்பதால். 'ஜே' என்ற ஒரே எழுத்து ஸ்பானியத்தில் ஹகரம் (ஹுவான்), ஜெர்மனிலும் போலிஷிலும் ஸ்காண்டிநேவிய மொழிகளிலும் யகரம் (யுங், யான்). பிரெஞ்சில் அதைப் புதுச்சேரி வழியாக வந்த பழக்கத்தில் ழகரத்தால் எழுதுகிறோம் (ழான், ழாக்). 'டபிள்யூ' ஜெர்மனிலும் போலிஷிலும் வகரம். 'சி' துருக்கியில் ஜகரம், போலிஷிலும் குரோவேஷியனிலும் 'ட்ஸ்'. சீனப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் 'எக்ஸ்' ஷகரத்தை ஒட்டியது, 'கியூ' அழுத்திச் சொல்லும் சகரம். போலிஷில் குறுக்குக் கோடிட்ட 'எல்' கிட்டத்தட்ட வகரமாக ஒலிக்கும். அதனால்தான் ஆங்கில எழுத்தைப் பார்த்தால் லோட்ஸ் என்று தோன்றும் நகரம் உண்மையில் வூச். ஆங்கில அச்சகங்கள் அந்தக் கோட்டையும் புள்ளிகளையும் அடிக்கடி விட்டுவிடுகின்றன. எனவே மூல எழுத்துக்கூட்டை வேறோர் இடத்தில் சரிபார்த்த பிறகே ஒலிபெயருங்கள். விக்கிப்பீடியாவின் அந்தந்த மொழிப் பக்கத்தில் பெரும்பாலும் அனைத்துலக ஒலிப்பெழுத்தும் கிடைக்கும்.

ஒலி தெரிந்த பிறகு அதைத் தமிழ் எழுத்தில் இறக்க வேண்டும். தமிழ் வாசகரின் கண், சொல் நடுவில் தனி வல்லினத்தை மெலிந்த ஒலியாகவே வாசிக்கும். மெல்லினத்தை அடுத்து வந்தாலும் அப்படியே. ஆகவே அழுத்தமான ஒலி வேண்டுமானால் இரட்டியுங்கள்: பிளேட்டோ, பீட்டர். ஒற்றையாக விட்டால் 'பீடர்' வேறு ஒலி. மெல்லினத்துக்குப் பின் இரட்டித்தால் கண் உறுத்தும். துருக்கியின் தலைநகரை அங்காரா என்றே எழுதுகிறோம். வாசிக்கும்போது அதன் நடு ஒலி மெலிகிறது, அதனால் யாரும் வழி தவறப்போவதில்லை. சொல்லின் முதலில் வரும் வல்லினத்துக்கோ வழியே இல்லை. கெத்தேயும் காஃப்காவும் ஒரே எழுத்தில்தான் தொடங்குவார்கள். அடிக்கோடு, மேற்புள்ளி என்று புதுக் குறிகள் போட்டுத் தீர்க்க முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொது வாசகருக்கான நூலில் அது தடையாகவே முடியும். மூல எழுத்துக்கூட்டைப் பின்னிணைப்பில் கொடுத்துவிடுங்கள்.

கிரந்த எழுத்தை விலக்குவதா என்பதைப் பதிப்பாளரோடு பேசி முதல் நாளே முடிவுசெய்யுங்கள். விலக்குவதற்கு வலுவான மரபு உண்டு. வடசொல்லைத் தமிழ் எழுத்தால் எழுதத் தொல்காப்பியமே இடம் வகுத்தது. இலக்குவன், வீடணன் என்று கம்பர் எழுதியதில் எந்தக் குறையும் தோன்றவில்லை. பாரிசு, இசுதான்புல் என்று எழுதினாலும் எனக்கு ஒப்புதலே. பாதிப் பெயர்களில் விலக்கி, பாதியில் வைத்துக்கொள்வதை மட்டும் ஒப்ப முடியாது. ஃபகரமும் அப்படியே: புதிய பெயர்களுக்கு அதைப் பயன்படுத்துவதென்றால் எல்லாப் புதிய பெயர்களுக்கும் பயன்படுத்துங்கள், பிரான்ஸ், கன்பூசியஸ் போன்ற பழையவற்றில் கொண்டுபோய்ச் செருகாதீர்கள்.

ஆட்பெயர்களில் அரசர்கள் தனிக் கூட்டம். ஆங்கில நூல்கள் பழைய அரசர் பெயர்களை ஆங்கிலப்படுத்தும்: ஃபிரீட்ரிக் என்பவர் ஃபிரெடரிக் ஆவார், ஃபெலிப்பே என்பவர் பிலிப் ஆவார். இக்கால அரசர்களை அப்படிச் செய்வதில்லை. இன்றைய ஸ்பானிய மன்னர் ஆங்கிலத்திலும் ஃபெலிப்பேதான். ஸ்பானிய இதழ்களோ இன்றும் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் சார்லஸைக் கார்லோஸ் என்றே எழுதுகின்றன. நம் பாடநூல்கள் வழியாகப் பழகிய பதினான்காம் லூயி, ஐந்தாம் சார்லஸ், இரண்டாம் பிலிப் இருக்கட்டும். மற்ற அரசர்களை அவர்கள் ஆண்ட நாட்டின் மொழியில் எழுதுங்கள். ஒரு குடும்பத்துக்குள் மட்டும் கலக்காதீர்கள். தாத்தா வில்லியம், பேரன் வில்ஹெல்ம் என்று வந்தால் இருவருக்கும் ஒரே பெயர் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

கொலம்பஸ், கோப்பர்நிக்கஸ், கன்பூசியஸ் மூவரும் லத்தீன் உடையில் நம்மிடம் வந்தவர்கள், அப்படியே நிலைத்துவிட்டார்கள். ஆனால் இடைக்கால முஸ்லிம் அறிஞர்களின் பெயர்களை அவிசென்னா, அவெர்ரோஸ் என்று கண்டால் அந்த உடையைக் களைந்துவிடுங்கள். அரபுப் பெயர்கள் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வராமல் தமிழ் முஸ்லிம்கள் வழியாக நேரடியாகவே தமிழில் புழங்குகின்றன: இப்னு சீனா, இப்னு ருஷ்து. விவிலியப் பெயர்களும் இத்தகையவை. யோவான், மத்தேயு, யாக்கோபு ஆகியவை ஆங்கிலத்தைத் தொடாமல் வந்த வடிவங்கள். எனவே ஒரு தேவாலயத்துக்குத் திருத்தூதரின் பெயர் இருந்தால் புனித யோவான் ஆலயம்; அதைக் கட்டிய கொத்தனாருக்கு அதே பெயர் இருந்தால், அவர் ஆங்கிலேயர் என்றால் ஜான், ஜெர்மானியர் என்றால் யோஹான், இத்தாலியர் என்றால் ஜோவான்னி, ரஷ்யர் என்றால் இவான். அத்தனையும் ஒரே எபிரேயப் பெயர்தான்.

இரண்டாம் முறை ஒருவரைச் சுட்டும்போது பெயரின் எந்தப் பகுதியை எடுப்பது என்பதில் நிறையப் பிழை நேர்கிறது. ஹங்கேரியர், சீனர், ஜப்பானியர், வியட்நாமியர் குடும்பப் பெயரை முதலில் வைப்பவர்கள். ஆங்கில நூல்கள் ஹங்கேரியரை வழக்கமாகத் திருப்பிப் போடும், சீனரைப் பெரும்பாலும் திருப்பாது. ஐஸ்லாந்தில் இரண்டாவதாக வருவது பெரும்பாலும் தந்தை பெயர். அதை மட்டும் தனியே எடுத்து ஒருவரை அழைப்பது தவறு. ஸ்பானியருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்; கார்சியா மார்க்கேஸை மார்க்கேஸ் என்று சுருக்குவது அவர் தந்தைவழிப் பெயரை வெட்டிவிடுகிறது. பர்மியப் பெயரில் 'ஊ' என்பது ஐயா என்பதுபோல் ஒரு மரியாதைச் சொல்; ஐ.நா. பொதுச்செயலராக இருந்த ஊ தாண்டின் பெயர் தாண்ட் மட்டும்தான். ரஷ்யக் குடும்பப் பெயர்கள் பெண்ணுக்கு ஈறு மாறும்: கணவர் டால்ஸ்டாய், மனைவி டால்ஸ்டாயா. ஆங்கில நூல் மனைவியையும் டால்ஸ்டாய் என்று எழுதியிருந்தால் நீங்களும் ஒரே வடிவத்தில் விடலாம். சில இடங்களில் மட்டும் மாற்றினால் அவர் வேறொருவர் ஆகிவிடுவார்.

இவ்வளவையும் நினைவில் வைத்து எழுத முடியாது. மொழிபெயர்ப்பைத் தொடங்குமுன் நூலின் பொருளடைவை எடுத்து, அதிலுள்ள எல்லாப் பெயர்களையும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். ஆறு பத்திகள் வேண்டும்: நூலில் உள்ள எழுத்துக்கூட்டு, பெயரின் சொந்த மொழி, அந்த மொழியில் ஒலிப்பு, காலம், நீங்கள் தேர்ந்த தமிழ் வடிவம், தேர்ந்ததற்குக் காரணம். கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து மெய்ப்புப் பார்ப்பவர் கேள்வி கேட்கும்போது பதில் அங்கேதான் இருக்கும். வேற்றுமை உருபு ஏற்ற வடிவம் ஒன்றையும் கூடவே எழுதி வையுங்கள்: ஜெனீவாவில், புடாபெஸ்டில், ஆஸ்லோவுக்கு. இல்லாவிட்டால் ஓரிடத்தில் புடாபெஸ்ட்டில், இன்னோரிடத்தில் புடாபெஸ்டில் என்று இரண்டும் நுழையும். ஃபகரத்தில் தொடங்கும் பெயர்களைப் பொருளடைவில் எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். கணினியின் வரிசை மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், வாசகரோ பகர வரிசையில் தேடுவார்.

பிறகு மனம் மாறி ஒரு பெயரைத் திருத்த நேர்ந்தால், கோப்பில் தேடி மாற்றும்போது சொல்லின் கடைசிப் புள்ளியை விட்டுத் தேடுங்கள். 'பாரிஸ்' என்று தேடினால் பாரிஸில், பாரிஸை, பாரிஸின் எதுவும் அகப்படாது. உருபு சேரும்போது புள்ளி மறைந்துவிடுகிறது. 'பாரிஸ' என்று தேடினால் எல்லாம் கிடைக்கும். ஒரேயடியாக 'அனைத்தையும் மாற்று' என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள். 'ரோம' என்று தேடினால் ரோமானியரும் ரோமன் எழுத்தும் ருமேனியாவின் பழைய வடிவமான ரோமானியாவும் சேர்ந்து வரும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து மாற்றுங்கள்.